மெட்ராஸ் போகலாமா, அத்தை?

அத்தை,

இன்று தில்லைநகர் சிக்னலில் ஆட்டோ நின்றபோது எதிரே ஒரு பெரிய போர்டு. கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கிறது. அதற்குக் கீழே 'கருத்தரிப்பு மையம்' என்று கொட்டை எழுத்து. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் கவனித்த ஆட்டோக்காரர், "இப்ப டீக்கடை மாதிரி தெருவுக்கு ஒண்ணு வந்துருச்சும்மா" என்றார். சிரித்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், "அடப் பாவிங்களா, இத அன்னிக்கே தொறந்திருக்கக் கூடாதா?" என்று நடுரோட்டில் சத்தம் போட்டிருப்பீர்கள். உங்கள் மகன் மானம் போச்சு என்று தலையைக் குனிந்திருப்பார்.

எண்பதுகளில் நாம் ஸ்ரீரங்கத்தில் இருந்த அந்த வீடு ஞாபகம் வந்துவிட்டது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த உங்கள் மகன், அவருக்கு வாக்கப்பட்டுத் தாலுகா ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான், தாலியறுத்தும் குரல் குறையாத நீங்கள். மூன்றே பேர். ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் பேச என் வயிறு ஒன்றுதான் இருந்தது. "விசேஷம் உண்டா?" என்று கேட்காமல் பால்காரர்கூடப் படியிறங்கியதில்லை.

சொந்தத்தில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் நான் போயாக வேண்டும். கர்ப்பிணி எழுந்ததும் அந்த மணைச்சூடு ஆறுவதற்குள் பிள்ளையில்லாதவளை உட்கார வைத்து வளையல் போட்டால் அவளுக்கும் தங்கும் என்பது நம் பக்கத்து வழக்கம். விதவை என்பதால் நீங்கள் நடுக்கூடத்துக்கு வரமாட்டீர்கள். சமையல்கட்டு நிலையில் நின்றபடி, "போ, உக்காரு" என்று கண்ணாலேயே விரட்டுவீர்கள். எத்தனை மணை, எத்தனை டஜன் கண்ணாடி வளையல்! மறுநாள் ஆபீஸில் டைப் அடித்தால் கை முழுக்கச் சலசலக்கும். "யாருக்கு வளைகாப்பு?" என்று கேட்பார்கள். வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு மறுபடி டைப் அடிப்பேன். உங்கள்மேல் அப்போது எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று உங்களுக்குத் தெரியுமா?

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் டெஸ்ட் டியூப் குழந்தை செய்தி வந்தது. மெட்ராஸிலும் செய்யப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. உடனே ஊரே டாக்டராகிவிட்டது. "கூட்டிட்டுப் போயி இவளுக்குச் செஞ்சிட்டு வாங்க" என்றார்கள். இவளுக்கு! புத்தூர் லேடி டாக்டர் என்னை எத்தனையோ தரம் பரிசோதித்து, உனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருந்தார். உங்கள் மகன்தான் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று அழும்பு பிடித்தார். கெஞ்சிக் கெஞ்சி ஒருநாள் ஒத்துக்கொண்டார். ரிசல்ட் கேட்கப் போகும் நாளில், "மார்க்கெட்ல லோடு வந்திருக்கு" என்று நழுவிவிட்டார். என்னோடு நீங்கள் வந்தீர்கள்.

டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு என்னிடம் பேசவில்லை. உங்களைத்தான் கேட்டார்: "பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருந்துதாம்மா? கொஞ்சம் வளந்த பிறகு?"

"ஆமாங்க. மீசை மொளைக்கிற வயசு. கழுத்துல என் சங்கிலியப் போட்டு விட்டேன். தங்கம் பட்டா எறங்கிரும்பாங்கள்ல. கன்னம் எறங்குச்சு. அப்பறம் கீழ வீங்கிருச்சுன்னு அழுதான். வெளிய சொன்னா அசிங்கம்னு வேப்பெல போட்டுப் படுக்க வச்சிட்டேன்."

அந்த வீக்கம் விதைக்கு இறங்கியதால்தான் உங்கள் மகனிடம் உயிரணு இல்லை என்று டாக்டர் விளக்கினார். அன்றைக்கே கூட்டி வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அவர் சொன்னது உங்கள் காதில் ஏறவே இல்லை. மெட்ராஸுக்குப் போனாலும் வேறொரு ஆணுடையதை வைத்துத்தான் செய்ய முடியும், வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார். வெளியே வந்ததும் நீங்கள் பிடித்த பிடியில் என் கையிலிருந்த வளையல் இரண்டு உடைந்தது. "அவன்கிட்டச் சொல்லிராத தாயி. உசுர விட்டுருவான்."

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு என் வாயைப் பூட்டிவிட்டீர்கள், அத்தை. குறை எனக்கில்லை என்று தெரிந்த பிறகும் குறைக்காரியாகவே நான் நடமாட வேண்டும். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று வீட்டில் உங்கள் மகன் கேட்டார். "பாக்கலாம்னாங்க" என்றேன். அதற்கப்புறம் மெட்ராஸ் போகலாம் என்று அவரே நச்சரிக்க ஆரம்பித்தார். போனால் உண்மை தெரிந்துவிடும். போகாவிட்டால் பிள்ளை வேண்டாம் என்கிற ராட்சசி நான். தலையணையில் முகம் புதைத்துக் கத்தக்கூட அந்த வீட்டில் இடமில்லை.

வையம்பட்டியில் உங்கள் கொழுந்தன் மகளுக்கு வளைகாப்பு. வழக்கம்போல் என்னை மணைக்கு இழுத்தார்கள். உங்கள் ஓரகத்தி சத்தமாகவே கேட்டார்: "இவள எத்தனவாட்டிதான் உக்கார வைக்கிறது? பேசாம அவனுக்கு இன்னொரு கல்யாணத்தப் பண்ணுவோம். எங்க அண்ணன் பொண்ணு இருக்கா."

நீங்கள் நடுக்கூடத்துக்கு வந்தீர்கள். சுமங்கலிகள் விலகி வழிவிட்டார்கள். மணையிலிருந்து என்னைத் தூக்கி நிறுத்தினீர்கள்.

"எம் மருமகளுக்குக் குறையில்ல. குறை எம் மகனுக்கு. அந்தப் பாவத்தப் பண்ணுனவ நான். இன்னொருத்தியக் கட்டி வச்சாலும் இதே கதிதான். இனி எவளாச்சும் இவள மணையில உக்காரச் சொன்னா நாக்கப் புடுங்கிப்புடுவேன்."

உங்கள் மகன் வாசலில்தான் நின்றிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அவர் உயிரை விடவில்லை. உங்களோடு பேசுவதை விட்டார். ஒரே வீட்டில், "அவங்களச் சாப்பிடச் சொல்லு" என்று என் வழியாகத்தான் பேச்சு. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: "மெட்ராஸ் போறதுன்னா போ. எவனோட புள்ளையையோ பெத்துக்க. உன் இஷ்டம்." இஷ்டமாம்! அதற்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டுமே. மண்டியே கதியென்று கிடப்பவரை எப்படி இழுத்துப் போவது?

அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த உங்களிடம் வந்துதான் கேட்டேன்: "மெட்ராஸ் போகலாமா, அத்தை?"

நீங்கள் அரிவாள்மணையை மடக்கி வைத்தீர்கள். "நீ போறதுன்னா நான் தொணைக்கு வாரேன். எவன் வித்தா இருந்தா என்ன? உன் வயித்துல பொறந்தா நான் அதுக்கு அப்பத்தாதான். அவன் அப்பன் இல்லன்னு சொன்னாச் சொல்லட்டும். நான் அப்பத்தா இல்லன்னு எவனும் சொல்ல முடியாது."

நான் போகவில்லை. நானேதான் வேண்டாமென்று முடிவெடுத்தேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். உங்களிடம் மறைப்பானேன்? நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. போனால் அவரை இழப்பேன், போகாவிட்டால் பிள்ளையை. பயந்துபோய் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அப்படியே எனக்கு வயதும் ஏறிவிட்டது. கடைசியில் நீங்கள் மூச்சடங்கிக் கிடந்தபோதுதான் அவர் "அம்மா" என்று உங்கள் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். காலம்போன காலத்தில் கூப்பிட்டு என்ன செய்ய?

இப்போது அவரும் இல்லை. கல்யாண வீடுகளில் புதிதாகப் பார்ப்பவர்கள், "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். பாவம் என்று அவர்கள் முகம் மாறுகிறது. அவர்களுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது, அத்தை? என் பிள்ளைக்கு அப்பன் அமையவில்லை, அது பிறக்கவும் இல்லை. ஆனால் அதற்கு ஓர் அப்பத்தா இருந்தாள்.