செவ்வாய்க்கிழமை மந்திரிசபை

ஸ்டுட்கார்ட் அருகில்,
13 ஏப்ரல் 1997

மதிப்புக்குரிய பாலாம்பிகை அக்காவுக்கு,

உங்கள் கணவர் அரியரத்தினம் அண்ணையுடன் ஐந்து வருடமாக ஒரே அறையில் இருக்கும் குணசேகரம் எழுதிக்கொள்வது. அண்ணை சுகமாக இருக்கிறார். மார்கழியில் பிடித்த இருமல் மாறிவிட்டது. நீங்களும் மகள் சுஜீவாவும் வவுனியாவில் உங்கள் தம்பி வீட்டில் குறையில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

உங்கள் கடிதம் என் பெயருக்கு வந்திருந்தது. ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து, வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே உடைத்துப் படித்தேன். அண்ணை ஒவ்வொரு கடிதத்திலும் தேர்தல், திட்டம், தீர்மானம் என்றே எழுதுகிறார், உங்களை இங்கே கூப்பிடுவது பற்றி ஒரு வரியும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, இல்லை அங்கே வேறு குடும்பம் இருக்கிறதா, மறைக்காமல் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை அக்கா. ஆனால் இதை ஒரு வரியில் சொல்லி முடிக்க எனக்குத் தெரியவில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

இங்கே ஆற்றங்கரையில் உள்ள எங்கள் சிறிய நகரத்தில் தமிழர் சங்கம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர் எல்லாரும் சேர்ந்து அறுபது பேர் வரையில். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணையைத் தலைவராக்கினார்கள். அவர் பாத்திரம் கழுவும் உணவகத்தின் முதலாளி அம்மா இதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவரை 'ஹெர் பிரசிடெண்ட்', அதாவது தலைவர் ஐயா, என்றுதான் கூப்பிடுகிறார். ஹெர் பிரசிடெண்ட், அந்தப் பெரிய சட்டியைக் கொஞ்சம் கழுவிவிடுங்கள் என்பார். அண்ணைக்கு அதில் கோபமில்லை.

அந்த உணவகத்துக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு நாள். புதன்கிழமைக்கு வேண்டிய உருளைக்கிழங்கை உரித்து வைப்பதற்காக அண்ணையிடம் கதவுத் திறப்பு இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு நானும் சிசிலி அக்காவும் அங்கே போவோம். சிசிலி அக்கா மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் வேலை, எங்கள் சங்கத்தின் பொருளாளர். நான் செயலாளர். கதிரைகளை எல்லாம் மேசைகளின்மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சன்னல்களில் பச்சையும் மஞ்சளுமாகத் தடித்த கண்ணாடி. வெளியே பனி கொட்டும்போது அந்த வெளிச்சம் உள்ளே வந்து, நாங்கள் ஏதோ குளத்தின் அடியில் இருந்து கதைப்பதுபோல இருக்கும். அவிந்த கிழங்கின் ஆவி எழும். உரித்துக்கொண்டே பேசுவோம். இதுதான் எங்கள் மந்திரிசபை.

அங்கே இருக்கும்போது அண்ணை வேறு ஆள். குரல் தாழ்ந்து, நிதானமாகி, கண் எங்கேயோ தூரத்தில் நிற்கும். ஊர்ச் சண்டையைப் பற்றியும் அந்தக் கட்சி இந்தக் கட்சி பற்றியும் நான் தொடங்கினால் நிறுத்திவிடுவார். "வெளிவிவகாரம் எங்களுக்கு வேண்டாம் குணம், முதல்லை உள்நாட்டைப் பாப்பம்" என்பார். அவருடைய உள்நாடு எது தெரியுமா அக்கா? பாஷை தெரியாத பிள்ளைத்தாய்ச்சியோடு ஆஸ்பத்திரிக்கு யார் போவது, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அறை எங்கே எடுப்பது, தனியாக இருக்கும் இளந்தாரிகள் குடித்துவிட்டு விழாமல் பார்ப்பது எப்படி. இவற்றைத்தான் ஒரு நாட்டை ஆளுகிறவரைப்போல ஒவ்வொன்றாக எடுத்து யோசிப்பார்.

எதையும் முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார். "பாலாம்பிகை இதுக்கு என்ன சொல்லியிருப்பா?" பிறகு சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துத் தேடுவார். இடம்பெயர்ந்திருந்தபோது, தண்ணீர் பவுசர் வண்டி வரும் இடத்தில் சண்டை வராமலிருக்க காட்போட் மட்டையை வெட்டி இலக்கம் எழுதிக் கொடுத்தேன், கைக்குழந்தைக்காரிகளுக்கு முதல் இலக்கம் கொடுத்தேன் என்று ஒருமுறை எழுதினீர்களாம். அண்ணை அதை அப்படியே இங்கே சட்டமாக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தேவாலய மண்டபத்தில் ஒரு மேசை போடுகிறோம். அரசாங்கக் கடிதங்களை வாசிக்கத் தெரியாதவர்கள் கொண்டுவருவார்கள். வாசலில் மட்டை இலக்கம் கொடுப்போம். புதிதாக வந்தவருக்கு முதல் இலக்கம். அந்தச் சட்டம் உங்களுடையது. இங்கே பலருக்கு உங்கள் பெயர் தெரியும்.

இந்த வருடம் மறுபடி தேர்தல். எதிர்த்து நின்றவர் தம்பித்துரை. பத்து வருடத்துக்கு முன்னரே வந்து வதிவிட உரிமை பெற்றவர், ஜெர்மன் நன்றாகப் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் வேலை. அவர் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போவதாக மார்கழியிலேயே கதை அடிபட்டது. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் மட்டுமே தலைவராக இருக்கலாம் என்பது அது. அண்ணையைப்போல அகதி வழக்கு முடியாதவர் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது இங்கே சட்டம். மியூனிக்கில் கூட்டம் என்றால் எங்கள் தலைவருக்குப் போக ஏலாது, இப்படி ஒரு தலைவர் எதற்கு என்று தம்பித்துரை கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

எல்லை எங்களுக்கு வெகு தூரத்தில் இல்லை. ஆறுதான் எல்லை. ஆற்றுக்கு அப்பால் எங்கள் சங்கத்தின் ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய வாக்கு இல்லாமல் வெல்ல முடியாது என்று சிசிலி அக்கா கணக்குப் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பேசுகிறோம் என்றோம். அண்ணை சம்மதிக்கவில்லை. வாக்குக் கேட்கிறவன் முகத்தைக் காட்டவேண்டும் என்றார். சிசிலி அக்காதான், "அப்ப பாலத்திலை சந்திப்பம்" என்றார்.

தை மாதக் கடைசி ஞாயிறு காலை. அப்படி ஒரு பனிப்புகாரை நான் பிறகு காணவில்லை. ஆறு இல்லை, கரை இல்லை, மலைச்சரிவிலுள்ள கொடிமுந்திரிகைத் தோட்டங்கள் இல்லை. பாலம் மட்டும் வெள்ளைக்குள் தொடங்கி வெள்ளைக்குள் முடிந்தது. நடுவில் மாவட்டத்தின் பெயர்ப்பலகை. அண்ணை பலகைக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டார். அப்பால் யாரையும் காணவில்லை. பிறகு சப்பாத்துச் சத்தம் கேட்டது, ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது, கடைசியில் குடைகளும் தொப்பிகளுமாக ஐந்து குடும்பமும் புகாருக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். யாரோ ஒரு அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். பலகைக்கு மேலால் கையை நீட்டி அண்ணைக்குக் கொடுத்தார்.

அண்ணை பேச்சு ஒன்றும் பேசவில்லை. அவர்களிடம் என்ன குறை என்று கேட்டார். ஒருவருக்கு மகனின் பள்ளிக்கூடப் பிரச்சினை. ஒருவருக்குத் தமிழ் வகுப்பு தூரம். ஒருவர், நீங்கள் வென்றால் எங்கள் வீட்டுக்கு வருவீர்களோ என்று கேட்டார். அண்ணை சிரித்தார். "வெண்டாலும் வர ஏலாது. இஞ்சை வந்து நிப்பன்" என்றார். நாங்கள் திரும்பும்போது அன்னங்கள் எங்கோ கீழே கத்தின. அவற்றையும் நாங்கள் காணவில்லை. அண்ணை வழிநெடுக ஒன்றும் பேசாமல் வந்தார். சந்தோஷத்தில் அவர் அப்படித்தான் இருப்பார். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாசி பதினெட்டாம் தேதி மஞ்சள் உறை வந்தது. மஞ்சள் உறையில் வந்தால் நீதிமன்றத்துக் கடிதம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணையின் மேன்முறையீடு தள்ளுபடி, அவர் ஒரு மாதத்துக்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும். வழக்கறிஞர் தமிழில் கையால் எழுதப்பட்ட சுருக்கம் ஒன்றும் அனுப்பியிருந்தார்.

அன்றும் செவ்வாய்தான். அண்ணை உணவகத்தில் அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு கிழங்கு உரிக்கத் தொடங்கினார். இனி என்ன செய்வது என்று நாங்கள் மூவரும் பேசினோம். அவருடைய உயிரைப் பற்றி அல்ல, தேர்தலைப் பற்றி. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சிசிலி அக்கா சொன்னார்: "இப்ப சொல்லவேண்டாம் அண்ணை. சனம் பாவம் பாத்துப் போட்டாலும் அது வாக்கில்லை, பயந்து போடாமல் விட்டாலும் அது வாக்கில்லை." நானும் அதையே சொன்னேன், இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். தேர்தலும் போய்விட்டால் அவர் ஒடிந்துபோவார் என்று பயந்தேன். அண்ணை வழக்கமான கேள்வியைக் கேட்டார். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று.  ஆனால் அன்று சட்டைப் பைக்குள் கையை விடவில்லை. கடைசியில் ஓம் என்று மட்டும் சொன்னார். மறைத்தோம்.

பங்குனி ஒன்பதாம் தேதி கூட்டம். ஐம்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். தீர்மானத்தை வாசிக்கத் தம்பித்துரையை அழைத்தேன். அவர் எழுந்தார், கையில் தாள் இருந்தது. அதை விரித்தார், பிறகு நாலாக மடித்தார். "எனக்குத் தொண்டை சரியில்லை. தீர்மானத்தை எடுக்கவேண்டாம். நான் போட்டியிடவும் இல்லை" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அவருடைய ஆட்கள் திகைத்துப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும் போலிருந்தது. நாங்கள் வென்றுவிட்டோம்.

அண்ணை மட்டும் தம்பித்துரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் எனக்கும் விளங்கியது. வழக்கறிஞருக்கு மொழிபெயர்ப்பவர் தம்பித்துரை. அந்தச் சுருக்கம் அவருடைய கையெழுத்து. எங்களுக்கு முன்னரே அவருக்குத் தெரியும். ஒரு சொல் வெளியில் விட்டிருந்தால் அவர்தான் தலைவர்.

அண்ணை எழுந்து நின்றார். "என்னைப் போகச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு. மூண்டு கிழமையா உங்களுக்கு மறைச்சுப்போட்டன். அது பிழை. இதைக் கேட்டபிறகும் விருப்பமெண்டால் கையை உயர்த்துங்கோ" என்றார்.  மெல்ல மெல்லக் கைகள் எழுந்தன. எண்ணினேன், நாற்பத்தொன்று. மற்றவர்கள் உயர்த்தவில்லை, அது அவர்களுடைய உரிமை. தம்பித்துரை உயர்த்தியிருந்தார். சிசிலி அக்கா குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சப்பாத்தில் நூல் இல்லை.

அடுத்த கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தம்பித்துரைதான் கூடப் போனார், கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு. இரண்டு மணித்தியாலம் பேசினார். மூன்று மாதத்துக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஆனி பதினேழு வரை. டுல்டுங் என்பார்கள், பொறுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். வழக்கறிஞர் இன்னொரு மனுப் போட்டிருக்கிறார். சங்கத்தில் கையெழுத்துச் சேர்க்கிறோம். தேவாலயத்துப் பாதிரியாரும் கடிதம் எழுதியிருக்கிறார். என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரால் உங்களைக் கூப்பிட முடியாது அக்கா. முந்தி இருந்த தாளாலும் முடியாமல்தான் இருந்தது. பொய் எழுத அவருக்கு வராது, உண்மை எழுதத் துணிவில்லை. அதனால்தான் திட்டங்களை எழுதினார். இப்போது செர்ரி மரங்கள் பூத்து, தெருவெல்லாம் வெள்ளை இதழ். அவர் சன்னலோரம் இருந்து அடுத்த வருட விளையாட்டுப் போட்டிக்கு நிகழ்ச்சிநிரல் எழுதுகிறார். மூன்று மாதத் தாளோடு இது எதற்கு என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "ரெண்டு வருசத்துக்கெண்டுதானே தெரிவுசெய்தவை. அப்ப ரெண்டு வருசத்துக்குத்தான் யோசிக்கவேணும்" என்றார்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அவர் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது சுஜீவாவுக்கு இரண்டு வயது என்று சொல்லியிருக்கிறார். இப்போது ஒன்பது. நாங்கள் இங்கே நாற்பது பேர் அவர் போகக் கூடாது என்று மன்றாடுகிறோம். அந்தப் பிள்ளை அங்கே எதைக் கேட்டு மன்றாடுமென்று எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பப்பட்டுக் கொழும்பில் இறங்குகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது, நீங்கள் அறிவீர்கள். அதனால்தான் நாங்கள் மறிக்கிறோம். உங்களிடமிருந்து அவரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று மட்டும் நினைத்துவிடாதேயுங்கள்.

ஒருவேளை எங்கள் எல்லாருடைய முயற்சியும் தோற்று, ஒருநாள் அவர் உங்கள் படலை வாசலில் வந்து நின்றால், ஏன் எழுதவில்லை என்று அன்றைக்குக் கேட்கவேண்டாம். உள்ளே கூப்பிட்டு முதலில் நித்திரை கொள்ள விடுங்கள். எழும்பியதும் அவர் ஏதாவது ஒரு திட்டத்தைச் சொல்லத் தொடங்குவார். தயவுசெய்து அக்கா, அதைக் கடைசிவரைக்கும் கேளுங்கள்.

உங்கள் எல்லாரையும் கடவுள் காக்கட்டும்.

உடன்பிறவாத் தம்பி,
க. குணசேகரம்