எட்டாம் படி வரை வந்த வாசனை

12 நவம்பர் 1998
மாடிப்படியில் பெட்ரோல் வாசனை. கீழே குடியிருக்கும் தமிழ்வாணனும் சசிகலாவும் விசைத்தறிப் பட்டுச் சேலைகளில் படிந்த எண்ணெய்க் கறையைப் பெட்ரோல் தொட்ட பஞ்சால் எடுக்கிறார்கள். முறை சரிதான். எண்ணெய், பெட்ரோல் இரண்டின் மூலக்கூறுகளையும் பிடித்திருப்பது பலவீனமான வாண்டர்வால்ஸ் விசை மட்டும். ஒன்றில் ஒன்று கரையும், சாயம் போகாது. ஆனால் மழை என்று ஜன்னல்களை அடைத்துவிட்டா இதைச் செய்வது?

15 நவம்பர்
சொன்னேன். "ஈரக்காத்து பட்டா ஜரிகை கறுத்துப்பூடும், டீச்சரம்மா" என்றாள் சசிகலா. நான் திரும்பியதும் அவனிடம், "இவங்களுக்கு மழ பெஞ்சாலும் தப்பு, பெய்யலைன்னாலும் தப்பு." சிரிப்பு.
முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்தியவள் நான். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

19 நவம்பர்
கான்வென்ட்டில் சிஸ்டர் ஒருமுறை ஸ்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டுப் பெட்ரோலும் வைத்தார். இருபது எண்ணுவதற்குள் பெட்ரோல் இல்லை. தண்ணீரை ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்துக்கொண்டது. பெட்ரோலுக்கு அந்தப் பிடி இல்லை. "எங்கே போயிற்று?" என்றார். எல்லோரும் மேலே பார்த்தோம். "கீழே. உங்கள் காலடியில். அதன் ஆவி காற்றைவிடக் கனம்."

27 நவம்பர்
மழை. வாசனை. பேசவில்லை.

30 நவம்பர்
நாளை மறுநாள் கார்த்திகை தீபம். அதற்குள் நாற்பது சேலை முடிக்க வேண்டுமாம். சசிகலா அகல்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். சேலை துடைக்கும் அந்த அறை நிலைப்படியில்தான் வைப்பாள். தரையில்!
பாதிப் படி இறங்கினேன். உள்ளே சிரிப்புச் சத்தம். என்னைப் பற்றியா? திரும்பிவிட்டேன்.
கடிதம் எழுதிக் கதவிடுக்கில் செருகினேன். இரண்டு பக்கம். விசைகளின் வகைகள், ஆவியின் அடர்த்தி, தீப்பற்றும் விகிதம் — ஒரு பிழை இல்லை.
அவர் உயிரோடு இருந்தபோது சொல்வார்: "கமலம், நீ சொல்றது சரிதான். சரியா சொல்லிட்டா போதும்னு நெனச்சிக்கிற."

2 டிசம்பர், மாலை
பதில் இல்லை. ஜன்னல்கள் அடைத்தே இருக்கின்றன. வாசனை கீழிருந்து எட்டாம் படிக்கு வந்துவிட்டது. டி.வி.யில் மலைத் தீபம் காட்டியதும் ஏற்றிவிடுவார்கள். இன்னும் பத்து நிமிடம் இருக்குமா?
போகிறேன். எவ சிரிச்சா என்ன, போறேன் —

7 டிசம்பர்
ஐந்தாம் படியில் இருந்தேன். நீலமாக ஒன்று தரையோடு ஓடியது. அப்புறம்தான் சத்தம்.
சசிகலாவுக்கு முழங்கால் வரை வெந்துவிட்டது. வேலூரில் வைத்திருக்கிறார்கள். நடப்பாளா என்று இன்னும் சொல்லவில்லை.
இன்று தமிழ்வாணன் அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க வந்தான். கோபமே இல்லை. அது இருந்திருக்கலாம்.
"பெட்ரோல் டின்ன மூடி, தோட்டத்துல வெச்சிட்டுத்தான் ஏத்தினோம், டீச்சரம்மா."
"என் கடிதம்..."
"ரெண்டு தபா படிச்சோம். வெளக்கு ஏத்தாதன்னு அதுல எங்க எழுதியிருந்தீங்க?"
அவன் போனபின் என்னிடமுள்ள நகலை எடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாத இரண்டு பக்கம். விளக்கு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.