குதிகாலில் விழுந்த அடையாளம்

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீங்களும் நம் மகள் ஸல்ஹாவும் கிண்ணியாவில் சுகந்தானே?

இங்கே குவைத்தில் இரத்தம் சோதித்தார்கள். கொழுப்பு மிகக் கூடவாம். விழுங்கக் குளிசை தந்திருக்கிறார்கள், பயப்படாதீர்கள். குதிகாலுக்கு மேலுள்ள என் கட்டியும் அந்தக் கொழுப்புத்தானாம். பரம்பரையில் வருவது, பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரலாமாம்.

என் வாப்பாவின் காலிலும் இதே கட்டி. "தொழுது தொழுது விழுந்த அடையாளம்" என்று ஊரே புகழ்ந்தது. நாற்பது வயதில் நெஞ்சடைத்து மௌத்தானார். இப்போது உங்களுடன் பிறந்த ராத்தா போனில், "ஸல்ஹாவுக்கும் அடையாளம் விழுந்திட்டு, மாஷா அல்லாஹ்!" என்கிறா. சோதிக்கச் சொன்னால், "வருத்தக்காரி எண்டு கதை வந்தா குமர ஆரு கலியாணம் முடிப்பாங்க?" என்கிறா. சீ, தொழுகையைப் போர்த்தி நோயை மறைக்கிற கூட்டம்!

நாளைக்கே அவளுக்கு இரத்தம் எடுங்கள். குதிகாலைப் படமெடுத்து அனுப்புங்கள். அவளின் முகமும் தெரியட்டும்.

நான் வேலை செய்கிற வீட்டுக்காரி கூப்பிடுகிறா.

உங்கள் ரிப்கா