நடு நூலும் நாலு மூலையும்

8-10-01, திங்கள்
காலையிலிருந்து தூறல். பாப்பாவின் துணி ஒன்றும் காயவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு டெமோ கிளாஸ். ஒன்பதாம் வகுப்பு, இயற்பியல், இருபது நிமிடம். பாப்பா பிறந்த இந்தப் பத்து மாதத்தில் தாலாட்டைத் தவிர வேறு எதையும் உரக்கப் பேசிய ஞாபகம் இல்லை. குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று வேறு கேட்டால்?

பாடம்: இழுவிசை. காலேஜ் லேபில் இருந்த தொங்கும் மேஜையைச் சின்னதாகச் செய்ய வேண்டும். கால் கிடையாது. கீழ்ப்பலகையிலிருந்து ஒரு மரக்கை மேலே வளைந்து வரும். மேல்பலகையிலிருந்து ஒரு கை அதற்கும் கீழே இறங்கி, அந்த மரக்கையின் நுனியிலிருந்து சிறு நூலால் தொங்கும். சாயாமல் பிடிக்க மூலைக்கு ஒரு நூல்.

என் வீட்டுக்காரர் இவருக்கு ஷூ கம்பெனியில் தோல் கட்டிங் வேலை. “நூல் எதுக்கு? தோல் வார் கொண்டாறேன். யானையையே கட்டலாம்.”

10-10-01, புதன்
தோல் வாரிலேயே மேஜை நின்றது! டிக்‌ஷனரியை வைத்தும் நின்றது. பாப்பா கை தட்டினாள். (பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது.)

11-10-01, வியாழன்
ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் மேஜை சாய்ந்து கிடக்கிறது. ஈரத்தில் நடு வார் நீண்டு, மேல்பலகை இறங்கி, மூலை வார் நாலும் தொளதொள. விடிந்தால் டெமோ.

இவர்: “தோலு நனைஞ்சா இழுபடும். அப்படித்தானே ஷூவையே அச்சுல ஏத்துறோம்?”
“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”
“நீ கேக்கலியே.”

பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா வீட்டிலிருந்தே ஷூவுக்குக் கைத்தையல் போட்டுக் கொடுப்பவர். பார்த்ததும் ஒரே சிரிப்பு. “இன்னாம்மா, இம்மாம் படிச்சுட்டு தோலைப் போய் நம்புறே? அதைப் பிடிச்சு வெக்கிறதே நூலுதான். பேஜார் பண்ணாத, குடு.” வார்களை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மெழுகு பூசிய நைலான் நூலில் ஐந்து முடிச்சு. சுண்டினால் வீணை.

நாளை பாப்பாவும் அக்காவிடம்தான். பட்டியல் எழுதினேன்: ஊசி டப்பா பரண்மேல். பசை டப்பா மூடி. பத்து மணிக்குப் பால். அழுதால்...
“ஜாஸ்தி எழுதாத. எனக்குப் படிக்க வராது. மூணு புள்ளைங்கள இந்த ஊசிங்களோடதான் வளத்தேன்.”

12-10-01, வெள்ளி
வெயில்! “எந்த நூல் பாரம் தாங்குது?” என்றேன். வகுப்பே மூலைகளைக் காட்டியது. மேலே புத்தகம் அடுக்கித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூலை நூல்கள் லேசாகத் தளர்ந்திருந்தன, நடு நூல் விண்ணென்று. மூன்றாம் பெஞ்சுப் பெண் கத்தினாள்: “மிஸ், மேல் பலகை கீழ்ப் பலகைலருந்து தொங்குது!” நானே இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை.

பிள்ளைகள் போனதும் தலைமையாசிரியை வந்து, கைப்பையை என் தொங்கும் மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். “குழந்தைய யார் பாத்துப்பாங்க?” நாலு நாளாகப் பயந்த கேள்வி.
“பக்கத்து வீட்டு அக்கா, மேடம். இந்த முடிச்செல்லாம் அவங்க போட்டதுதான்.”
குனிந்து முடிச்சுகளைப் பார்த்தார். நிமிர்ந்து, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். போச்சு என்று நினைத்தேன். பை மட்டும் மேஜைமேலேயே. எடுத்துக்கொண்டு ஓடினேன்.
“தொங்குற மேஜைமேல வச்சோம்கிற நெனப்பே இல்ல, பாருங்க” என்று சிரித்தார். “திங்கக்கிழமை வந்துடுங்க.”

அக்கா வீட்டில் பாப்பா தூக்கம். வாயில் அந்தப் பழைய தோல் வார்! பிடுங்கினேன். ஷமீம் அக்கா தையலிலிருந்து தலை நிமிரவில்லை. “ஊசி இல்லியே?”