மாற்றுக் குறையாத கார்

என் பிடிவாதக்கார அண்ணை அன்ரனுக்கு,

கொடிகாமத்திலிருந்து எழுதுகிறேன். செல்லத்துரை அண்ணையின் வளவில், உனக்கு நன்றாகத் தெரிந்த அந்தத் தகரக் கொட்டிலில்தான் நானும் அம்மாவும் இருக்கிறோம். நீ முதன்முதலில் வந்து பார்த்தபோது கொட்டிலுக்குள் கார் இருந்தது, காருக்குள் கோழிகள் இருந்தன. இப்போது நாங்கள் உள்ளே. கோழிகள் வெளியே மழையில் நின்று எங்களை முறைக்கின்றன.

ஒன்றரை வயது மூப்புக்கு நீ ஒருநாளும் ‘நீங்கள்’ கேட்டுச் சண்டை பிடித்ததில்லை. அதனால் இதிலும் நீ என்றே எழுதுகிறேன். உன்னில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. நீ செத்து மூன்று வருடமாகியும் அது ஆறவில்லை. அதற்கு மேலே இப்போது ஒரு செய்தியும் இருக்கிறது. கார் போய்விட்டது, அண்ணை. அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாளும் எழுதவில்லை.

எங்கள் குருநகரில் ஷெல் விழத் தொடங்கி நாங்கள் வட்டுக்கோட்டைக்கு வந்த காலத்தில்தான் உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கடலுக்குப் போகத் தடை. வள்ளங்களின் எஞ்சின் திருத்திய உன் கைக்கு வேலையில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ உன் காதில் போட்டுவிட்டார்கள். அந்த நாளில் கொழும்பில் அமெரிக்கக் கார் விற்ற ஏஜென்ற் ஒருவர், கப்பலில் வந்த காரை அப்படியே விற்காமல் தன் பட்டறையிலேயே மாற்றி விற்றாராம். இடப்பக்கம் இருந்த ஸ்ரியறிங்கை வலப்பக்கம் கொண்டுவந்து, எங்கள் றோட்டின் பள்ளம் கிடங்குகளுக்காக வில்லுத் தகடுகளைத் தடிப்பாக்கி, எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்கு இரண்டாவது காபரேற்றரும் பூட்டுவாராம். அப்படிச் செய்த கார்களில் சில யாழ்ப்பாணத்துக்கும் வந்தன என்பது கதை. சனம் சவர்க்காரத்துக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலத்தில், நீ சைக்கிளில் ஏறி அமெரிக்கக் கார் தேடப் போனாய்.

எத்தனை வளவு ஏறி இறங்கினாய்! ஒரு வீட்டில் கதவு மட்டும் கிணற்றடி மறைப்பாக நின்றது. இன்னொரு வீட்டில் பின் சில்லுகள் வண்டிலுக்குப் போயிருந்தன. கடைசியில், ஒருகாலத்தில் கார் ஓட்டியும் திருத்தியும் பிழைத்து, பிறகு கொடிகாமச் சந்தையில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்த செல்லத்துரை அண்ணைதான் உன்னை இந்தக் கொட்டிலுக்குக் கூட்டி வந்தார்.

“தம்பி, உது கார் இல்லை, கோழிக்கூடு” என்று முதலே சொன்னாராம். நீ கேட்கவில்லை. கோழி எச்சத்துக்குள் கையை விட்டு டாஷ்போட்டைத் தடவினாய். சாமான் வைக்கிற லாச்சி இடப்பக்கம் இருந்தது. மூடி மேலிருந்து கீழே திறக்காமல் கீழிருந்து மேலே திறந்தது. அமெரிக்காக்காரன் பூட்டிய லாச்சியை இடப்பக்கத்துக்குத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் அப்படித்தான் வரும் என்று உனக்குத் தெரியும். அதற்குள்ளே ஏஜென்றின் சின்னப் பித்தளைத் தகடும் இருந்தது.

“எனக்கு இதைத் தாங்கோ” என்றாய்.

“கோழியளுக்கு வேறை கூடு கட்டித் தந்திட்டு உதைக் கொண்டு போ” என்றார் அவர். நீ கட்டிக் கொடுத்தாய். அந்தக் கூடு இந்த மழையோடு சரிந்துவிட்டது. நீ கட்டியதில் அது ஒன்றுதான் ஒழுங்காக நிற்கவில்லை.

எஞ்சின் நெல்லியடியில் ஒரு அரைக்கிற மில்லுக்குப் போயிருந்தது. மில்காரர் தரமாட்டேன் என்றார். “எஞ்சினைத் தந்திட்டு நான் சனத்துக்கு மாவைக் கையாலையோ இடிச்சுக் குடுக்கிறது?” என்று கேட்டாராம். நீ என்ன செய்தாய்? அப்பாவின் வள்ளத்து எஞ்சினை, மண்ணெண்ணெயில் ஓடுகிற நல்ல எஞ்சினை, கொண்டுபோய் அவருக்குப் பூட்டிக் கொடுத்துவிட்டு அதைக் கழற்றி வந்தாய். அவருக்குச் சந்தோசம். பெற்றோல் இல்லாத ஊரில் பெற்றோல் எஞ்சினைக் கொடுத்து மண்ணெண்ணெய் எஞ்சினை வாங்கியவர் அவர். அம்மா உன்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. இனிக் கடலுக்குப் போகமாட்டோம் என்பது அம்மாவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

சீற் தைத்தது நான். தோலுக்கு எங்கே போவது? கன்வஸ் துணியை இரட்டையாக மடித்து, வலை பொத்துகிற தங்கூசி நைலோன் இழையால் தைத்தேன். நீ வந்து குனிந்து பார்த்துவிட்டு, “அசலிலை நூல், நைலோன் இல்லை” என்றாய்.

“அசல் நூல் கப்பலிலை வரட்டும். அதுவரைக்கும் நீ நிண்டுகொண்டு ஓட்டு” என்றேன்.

சிரித்தாய். நீ சிரித்தால் எனக்குக் கோபம் நிற்காது. அது உனக்கும் தெரியும்.

அந்தக் காருக்கு ‘மாத்துக் கார்’ என்று பெயர் வைத்ததும் நீதான். மாற்றிய கார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். தட்டார் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் மாற்றுத்தானே, தங்கம் எவ்வளவு சுத்தம் என்று? “உவங்கள் மாத்தினதாலைதான் உதுக்கு மாத்துக் கூடினது. அதிலை ஒரு ஆணி மாறினாலும் மாத்துக் குறைஞ்சிடும்” என்று எனக்குப் பாடம் எடுத்தாய். சரி, கொழும்பில் யாரோ மாற்றினால் அது அசல். நாங்கள் மாற்றினால் மட்டும் ஏன் பழுது? அதை நான் உன்னிடம் கேட்டேன். நீ காபரேற்றரை ஊதி ஊதித் துடைத்தாய்.

இதைத்தான் நான் மறக்கமுடியாமல் இருக்கிறேன். அந்த வருடங்களில் ஊரில் ஓடிய ஏ ஃபோட்டி, மொறிஸ் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஒரு மருந்துப் போத்தலிலிருந்து துளித் துளியாகப் பெற்றோல். சூடானதும் மண்ணெண்ணெய். புகை, நாற்றம், இருமல், ஆனாலும் ஆள் ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரும். செல்லத்துரை அண்ணை உன்னிடம் கெஞ்சினார். ஒரு காபரேற்றரைக் கழற்றி அந்த வாயை அடைத்துவிட்டு, எஞ்சினுக்கும் சீற்றுக்கும் நடுவிலுள்ள முன் தகட்டில் ஒரு ஓட்டை போட்டு மண்ணெண்ணெய்க் குழாய் விட்டால் போதும், ஒரு பகல் வேலை என்றார்.

“உந்தப் புகையைக் குடிக்கவோ நான் இதைத் தேடித் தேடிக் கட்டினனான்?” என்றாய். ஒரு போத்தல் பெற்றோல் சேர்த்து வைத்திருந்தாய். குருநகருக்குத் திரும்பிப் போகிற அன்றைக்கு, அம்மாவை முன் சீற்றில் இருத்தி, கோயில் வாசல் வரைக்கும் ஓட்டுவதற்கு. அதுவரை ஸ்ரார்ட் பண்ணியும் பார்க்கமாட்டாய். மில்லில் ஓடிய எஞ்சின்தானே, ஓடும் என்பாய்.

நீ செத்த அன்று காலமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் குந்தியதும், நான் முதலில் ஓடியது அந்தப் போத்தலுக்குத்தான். அது கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. துளியில்லை. பக்கத்து வீட்டு ஏ ஃபோட்டியும் எங்கேயோ போயிருந்தது. தெருவால் போன ஒருவர் உன்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றினார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். மானிப்பாய் ஆசுப்பத்திரி தெரிகிற தூரத்தில் உன் தலை அவர் முதுகில் சாய்ந்துவிட்டது. சாய்ந்து ஓய்வெடுக்கிறாய் என்று நினைத்தேன். வட்டுக்கோட்டையில் எங்கள் கொட்டிலில் எட்டுச் சிலிண்டரோடு, இரண்டு காபரேற்றரோடு, மினுக்கிவிட்ட அமெரிக்கக் கார் நிற்கிறது. நீ ஒரு சைக்கிளில் செத்துப் போனாய்.

பெற்றோல் எங்கே போனது என்று செத்தவீட்டில்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் படலையடியில் நின்று அழுதார். அதற்கு முந்தின கிழமை அவருடைய மனுசிக்குப் பிள்ளை வலி கண்டபோது, கார் ஸ்ரார்ட் பண்ண நீதான் அந்தப் போத்தலைக் கொடுத்தாயாம். தேவை துளிப் பெற்றோல். நீ முழுப் போத்தலையும் கொடுத்திருக்கிறாய். அந்தப் பிள்ளை இப்போது ஓடித்திரிகிறது, பொல்லாத குழப்படி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், பிறகு வெட்கம் வரும். யாரில் கோபிப்பது என்று சொல்லு, அண்ணை.

இனி இந்த மழைக்காலத்துக் கதை. சண்டை எங்கள் வலிகாமத்துக்குள் நெருங்கி வந்ததும் செல்லத்துரை அண்ணை எங்களைப் பார்க்க வந்தார். அம்மாவுக்கு இப்போது நடக்க ஏலாது, கண்ணும் சரியாகத் தெரியாது. நான் அவரிடம், “அண்ணை, காரை மாத்துங்கோ” என்றேன்.

அவர் கார்த் திறப்பை உள்ளங்கையில் உருட்டினார். “அன்ரன் இருந்தா விடான், பிள்ளை.”

“அன்ரன் இல்லையண்ணை. அதாலைதான் மாத்தச் சொல்லுறன்.”

ஒரு காபரேற்றரைக் கழற்றினார். முன் தகட்டில் ஓட்டை போடுவதற்கு அவருக்குக் கை வரவில்லை. துளைகருவியை வாங்கி நானே போட்டேன். இரும்பு கிறீச்சிட்டபோது நீ எங்கேயோ நின்று கத்துவது போல இருந்தது. கத்தினால் கத்து என்று இன்னும் அழுத்தினேன்.

எல்லோரையும் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போகச் சொல்லிப் பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாங்கள் விடியத்தான் வெளிக்கிட்டோம். நான் பெற்றோலைத் துளி துளியாக விட்டேன், அவர் திறப்பைத் திருப்பினார். முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு உறுமல், பிறகு எட்டுச் சிலிண்டரும் சேர்ந்து ஒரே சத்தமாகப் பிடித்தது. கொட்டில் தகரம் எல்லாம் அதிர்ந்தது. உன் காரின் சத்தத்தை நீ ஒருநாளும் கேட்கவில்லை. நான் கேட்டேன். நல்ல சத்தம், அண்ணை. அந்தப் புகைக்குள் நின்று நான் அழுதேன்.

மானிப்பாய் ஆசுப்பத்திரியைத் தாண்டும்போது அம்மா பின் சீற்றில் கிடந்துகொண்டு, “அன்ரன், மெல்லப் போ ராசா” என்றா. செல்லத்துரை அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “ஓமம்மா” என்றார். அதற்குப் பிறகு அம்மா வழிநெடுக அவரை அன்ரன் என்றே கூப்பிட்டா. அவரும் ஓம் ஓம் என்றுகொண்டே வந்தார்.

யாழ்ப்பாணமே றோட்டில் நின்றது. நாவற்குழிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் கடல்நீர், நடுவில் ஒடுங்கின றோட்டு, அங்கே எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் இருந்தது. ஆறினபிறகு திரும்பத் தொடக்கிவைக்கப் பெற்றோல் ஒரு துளி இல்லை. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

சைக்கிள் கூடைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் என்னருகே வந்தார். சத்தம் போடவில்லை. “தங்கச்சி, உங்கடை காராலைதான் பின்னாலை சனம் நிக்குது” என்றார். திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் குடையும் தலையுமாக மழையில் நின்றது. அம்மாவைத் தூக்கி ஒரு உழவு மெசின் பெட்டியில் ஏற்றினோம். செல்லத்துரை அண்ணை காரில் கை வைக்கமாட்டேன் என்று தள்ளிப் போய் நின்றார். நான்தான் சொன்னேன், தள்ளுங்கோ என்று. நானும் தள்ளினேன். முகம் தெரியாத ஆட்கள் வந்து தோள் கொடுத்தார்கள். ஒருவர், “நல்ல கார் போலை கிடக்குதே” என்றபடியே தள்ளினார். அது கரையால் இறங்கி, மூக்கு உப்புத் தண்ணீருக்குள் போய், சேற்றில் நின்றது. றோட்டு விட்டதும் சனம் நடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை.

பித்தளைத் தகட்டையாவது கழற்றியிருக்கலாம் என்று செல்லத்துரை அண்ணை இப்போது சொல்கிறார். எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

அம்மா தினமும் கேட்கிறா, அன்ரன் காரை எங்கே விட்டவன் என்று. மழைக்கு உள்ளே விட்டிருக்கிறான் என்கிறேன். வேறு என்ன சொல்வது? கடலுக்கும் போகமாட்டோம், குருநகருக்கும் போகமாட்டோம், வட்டுக்கோட்டைக்கும் போவோமா தெரியாது. எனக்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. விடிந்தால் எழும்புகிறேன், அவ்வளவுதான்.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். காலம் மாறி, உன்னைப் போல ஒரு விசரன் அந்தச் சேற்றில் காரைத் தேடி வருவான். உப்பு அவனுக்குப் பாதி இரும்பைத்தான் விட்டுவைக்கும். நான் தைத்த தங்கூசி மட்டும் உக்காமல் இருக்கும். அவன் முன் தகட்டில் அந்த ஓட்டையைக் கண்டுவிட்டு, இது அசலில்லை, இதை அடைக்கவேண்டும் என்பான். நான் உயிரோடு இருந்தால் அடைக்க விடமாட்டேன். வட்டுக்கோட்டையிலிருந்து பாலம் வரைக்கும் அம்மா வந்தது அந்த ஓட்டையால்தான் என்று சொல்வேன். அதை முதலே போட்டிருந்தால் நீயும் வந்திருக்கலாம் என்று அவனுக்குச் சொல்லமாட்டேன். அது எனக்கும் உனக்கும் மட்டும்.

உன்ரை காரிலை ஓட்டை போட்ட
உன்ரை தங்கச்சி,
றீற்றா