விட்டுப்போன வரி

ராயபுரம்,
1927 மார்ச் 7

என் பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். மாமா இடது கையைக் கொஞ்சம் தூக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மற்றபடி உன் கடிதத்தில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம், பிறகு ஞானோபதேசத்தில் பத்துக் கேள்வி, வாரம் ஒரு சங்கீதம் மனப்பாடம். எழுதுவதற்கென்ன, சுலபம்! பக்கவாதத்தில் படுத்த அப்பாவைப் பார்க்கவென்று போன நீ, பத்து மாதமாய்ச் சாயர்புரத்தில் இருந்துகொண்டு உத்தரவு போடுகிறாய். நான் கருப்பட்டி மண்டியை அடைத்துவிட்டு வந்து உபதேசியார் வேலை பார்க்கிறேன்.

நேற்று நடந்ததைக் கேள். "உன்னை உண்டாக்கினவர் யார்?" என்று ஏசுவடியானைக் கேட்டேன். "சாமிதான் நைனா, வேற ஆரு?" என்றான். அப்பா என்கிற வார்த்தை இந்த வீட்டை விட்டே போய்விட்டது. சரி என்று, "எதற்காக உண்டாக்கினார்?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "இஸ்கூலுக்கு அனுப்பத்தான்" என்றான். ஞானம் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் பிரம்பைத் தேடுகிறேன். சமையலுக்கு வருகிற கெங்கம்மா அடுக்களையிலிருந்தே, "இன்னாத்துக்கு மொதலாளி கொயந்தய மெரட்டிக்கினு கீறே? கரீட்டாத்தானே சொல்லிச்சு" என்கிறாள். பிறகு ஜெபமாவது ஒன்றாவது!

சிப்பத்தை வெளியே தட்டிப் பார்த்தே உள்ளிருக்கும் கருப்பட்டி கெட்டியா, இளகினதா என்று சொல்லிவிடுவேன். இந்த இரண்டு தலைக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை. நீ எப்போது வருகிறாய், அதை எழுது.

உன் புருஷன்,
த. வெள்ளத்துரை


சாயர்புரம்,
1927 மார்ச் 19

மிகவும் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் உபதேசியாராய் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேதம் சொல்லிக்கொடுத்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் அல்லவா! ஜூன் மாதம் இங்கே மிஷன் போர்டிங்கில் இரண்டு பேரையும் சேர்த்துவிட வேண்டும் என்கிறார்கள். இடம் கேட்டுவைத்திருக்கிறோம்.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதபோது வேறென்ன செய்வது? அப்பா ஒன்று மட்டும் கேட்டார்கள். பிள்ளைகள் கர்த்தருடைய ஜெபத்தைத் தங்கள் கையால், பார்க்காமல் எழுதி அனுப்பட்டும். அது சரியாக இருந்தால் போர்டிங் பேச்சை விட்டுவிடுவார்கள்.

நான் எப்போது வருவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தால் என்னோடு பேசுவீர்களா? புறப்படுகிற வரையில் ஒரு வருஷம், உப்பு உண்டா, புளி உண்டா என்பதைத் தவிர நாம் என்ன பேசினோம்?

இப்படிக்கு,
சுகிர்தம்


ராயபுரம்,
1927 மார்ச் 30

சுகிர்தத்துக்கு,

இத்துடன் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஞானத்தை முன்கட்டிலும் ஏசுவடியானைப் பின்கட்டிலும் உட்காரவைத்து எழுதவைத்தேன். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதவில்லை. நடுவில் நானே நின்றேன். பையன் எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும், ஆறு வயசுக்கு அது போதும். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாய்ப் பார்க்கட்டும். என் பிள்ளைகளை என்னிடமிருந்து வாங்குவது அவ்வளவு லேசில்லை என்று சொல்.

மற்ற கேள்விக்கு நேரில் பதில் சொல்வேன்.

த. வெள்ளத்துரை


சாயர்புரம்,
1927 ஏப்ரல் 8

அன்புள்ள அத்தானுக்கு,

காகிதங்கள் கிடைத்தன. அப்பாவிடம் காட்டவில்லை. தபாலில் நனைந்து மை கலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

"ராஜ்யம் வருவதாக" என்பது வரைக்கும் இரண்டு பேரும் சரியாய் எழுதியிருக்கிறார்கள். அடுத்து நேரே ஆகாரம் கேட்கிற வரிக்குப் போய்விட்டார்கள். நடுவில் "உம்முடைய சித்தம் பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்று வருகிற வரி இரண்டு காகிதத்திலும் இல்லை. ஒரு பிள்ளை விட்டால் மறதி என்பேன். இரண்டும் ஒரே இடத்தில் விட்டால்? ஞானத்துக்கு அந்த ஜெபத்தை நானே மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

என்ன நடந்தது, அத்தான்?

சுகிர்தம்


ராயபுரம்,
1927 ஏப்ரல் 20

என் பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஞானத்தைக் கூப்பிட்டு, "நடுவில் ஒரு வரியை முழுங்கி என் மானத்தை வாங்கிவிட்டாயே" என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. "அந்த வரி எனுக்குத் தெரியும் நைனா. அந்த எடம் வந்தா நீதான் கம்முனு ஆயிடறே. தம்பிகிட்டயும் அத்த உட்டுட்றான்னு சொல்லிக்கீறேன்" என்றாள். மண்டியில் என்னை ஏமாற்றினவன் இல்லை. ஒன்பது வயசுப் பெண் என்னைத் தினமும் கவனித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

நம் மாசிலாமணி போய் இரண்டு வருஷமாகிறது. அவன் பேரை உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. இரண்டு வயசு, மூன்று நாள் ஜுரம். குழியண்டை குருவானவர் அந்த ஜெபத்தைத் தொடங்கினார். என் வாய் அந்த வரியில் நின்றுவிட்டது. நீயோ என் பக்கத்தில் நின்று அதைச் சத்தமாய், எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். பிள்ளையைக் கொடுத்ததற்கு நீ கையெழுத்துப் போட்டது போல எனக்கு இருந்தது. அன்றைக்கு வந்த கோபம், சுகிர்தம். கடவுளிடம் சண்டை போட எனக்குத் தைரியம் ஏது? உன்னிடம் பேசாமல் இருந்தேன். அது சுலபமாயிருந்தது.

இனி என்ன? நான் முழுங்கினால் அவர்களும் முழுங்குகிறார்கள். அதைச் சொல்ல முடிகிறவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளட்டும். ஜூனில் அனுப்பிவைக்கிறேன். இரண்டு டிரங்குப் பெட்டி வாங்கிவிட்டேன்.

வெள்ளத்துரை


சாயர்புரம்,
1927 ஏப்ரல் 28

என் அன்புள்ள அத்தானுக்கு,

பெட்டி வாங்க அப்படி என்ன அவசரம்? ஒரு வார்த்தை கேட்டுச் செய்கிற பழக்கம் உங்களுக்கு எந்நாளும் கிடையாது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவை, "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று என்னைக் கேட்டிருக்கலாமே!

அன்றைக்கு நீங்கள் உதட்டை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். சுற்றிலும் சபையார் நின்றார்கள். உங்கள் சத்தம் நின்றுபோனது யார் காதுக்கும் தெரியக் கூடாதென்று, இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே சொன்னேன். அதனால்தான் அவ்வளவு சத்தம். அதற்குப் பிறகு நானும் அந்த வரியைத் தாண்டித்தான் சொல்கிறேன். அப்பாவுக்குக் காது மந்தம், தெரியவில்லை.

போர்டிங்கில் இடம் வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டேன். அப்பாவைத் தம்பி பார்த்துக்கொள்வான். மே 6, வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்குவேன்.

அந்த வரியைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன். தடுக்கித் தடுக்கியாவது சொல்லிக்கொடுப்பேன். நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த இடம் வரும்போது எழுந்து மண்டிக்குப் போய்விடாமல், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள்
சுகிர்தம்