ஆடி கழியட்டும் என்றேன்

ஒக்கூர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போன என் அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. ஆனால் போன ஆடி வெள்ளியன்று நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நீ போய்ச் சேர்ந்து ஐம்பத்து மூன்றாம் நாள் கேட்டாய். பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், முகம் சுளிக்காதே. பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும்.

மச்சான் இறந்தபோது உன் மகள் கார்த்திகா ஆறாம் வகுப்பு. காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் உனக்கு மாதம் பன்னிரண்டாயிரம் கொடுத்தார்கள். அவளைப் படிக்கவைத்து, வாடகையும் கொடுத்து மிஞ்சுவது எத்தனை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மாதக் கடைசியில் நீ என்னிடம்தான் வருவாய். அவள் கல்லூரியில் படிக்கும்போது, எத்தியோப்பியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று தகவல் வந்ததும் நீ ஒரு வாரம்கூட யோசிக்கவில்லை. நாற்பதாயிரம் பிர் சம்பளம். அப்போது ஒரு பிர் நம் காசில் ஒண்ணே முக்கால் ரூபாய். எழுபதாயிரம் ரூபாய். கார்த்திகாவை என் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினாய்.

நான் காரைக்குடியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையில் இருக்கிறவன். கொத்தமங்கலம் பக்கம் பெரிய வீடுகளில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் யூரோ கொண்டு வருவார்கள். மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் ரிங்கிட் கொண்டு வருவார்கள். காலை பத்து மணிக்குப் பலகையில் அன்றைய ரேட்டை எழுதுவது என் வேலை. பதினெட்டு வருஷமாக எழுதி எழுதி, ரேட் என்றால் என்னைக் கேட்டுத்தான் ஏறும் இறங்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு. பிர் எங்கள் பலகையில் கிடையாது. அதை வாங்குவார் இந்த ஊரில் யாரும் இல்லை. ஆனாலும் பலகை எழுதி முடித்ததும் போனில் பார்த்து, உனக்கு மட்டும் வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்புவேன். இன்று ஒன்று அறுபத்திரண்டு. இன்று ஒன்று ஐம்பத்தெட்டு. அங்கே அப்போது காலை ஏழரை. நீ பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய்.

உன் பக்கத்து நாற்காலியில் ஒரு கென்யாக்கார டீச்சர் இருந்தார்களே, நினைவிருக்கிறதா? இரண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே வகுப்பு. அவர்கள் ஒப்பந்தம் டாலரில். உன் ஒப்பந்தம் பிர்ரில். வருஷா வருஷம் உன் சம்பளம் நின்ற இடத்தில் நின்றது, ஊருக்கு வரும்போது மட்டும் இளைத்துப்போய் வந்தது. "அந்தம்மா கீழ விழுந்தாலும் பூனை மாதிரி நாலு கால்ல நிக்கிது தம்பி, நான்தான் மல்லாக்க விழுறேன்" என்று சிரித்தாய். டாலரில் கேள் என்று முதல் நாளே உனக்குச் சொல்ல இந்த ரேட் புலிக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் ஆனி மாதம். உன் ஒப்பந்தம் முடிந்தது. கையில் ஆறு லட்சம் பிர் சேர்த்திருந்தாய். அதை டாலராக்கி ஊருக்கு அனுப்ப அங்கே பேங்கில் வரிசை, மாதக்கணக்கில் காத்திருந்து உன் முறையும் வந்துவிட்டது. அன்றைக்கு ரேட் ஒன்று நாற்பத்தெட்டு. ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வந்து, காரைக்குடியில் ஒரு மாடி பிடித்து, ஆங்கில வகுப்பு நடத்துவது என்று முடிவு செய்திருந்தாய். பேங்க் வாசலில் நின்றே எனக்குப் போன் போட்டாய்.

"தம்பி, மாத்திரவா? ஆடி பொறக்குறதுக்குள்ள வந்து சேந்துருவேன்."

நான் என்ன சொன்னேன் என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

"அவசரப்படாத அக்கா. ஒண்ணரையத் தொடப் போகுது, எறங்குனது ஏறாமப் போகாது. வந்தாலும் ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்க முடியாது. ஆடி கழியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி மாத்திக்கலாம்."

நீ வரிசையை விட்டுவிட்டு அறைக்குத் திரும்பினாய். பணத்துக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம் என்று நீயும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நம் பக்கத்தில் ஆடியில் யாரும் கடை திறப்பதில்லை, குடி போவதில்லை. அதே வாய்ப்பாட்டை எட்டாத தூரத்தில் இருக்கும் ஒரு அரசாங்கத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அக்காவைக் கெடுத்தது.

அந்த ஆடி முடிவதற்குள் அந்த நாட்டில் பணத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். சந்தை சொல்வதுதான் இனி ரேட் என்றார்கள். ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் பிர் எண்பது பைசாவுக்குக் கீழே போயிற்று. பிறகு எழுபது. உன் ஒன்பது லட்சம் நாலு லட்சமாகக் கிடந்தது. பள்ளியில் ஐயாயிரம் பிர் கூட்டிக்கொடுத்தார்கள், எண்ணெய் விலையும் கூடவே ஏறியது. விட்டதைப் பிடிக்க இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாய்.

நான் போனில் அழுதேன். "விடுறா. ரேட்டு என்ன உன் மச்சானா, நீ சொன்னதக் கேக்குறதுக்கு?" என்றாய். திட்டியிருக்கலாம் அக்கா.

அதில் ஒரு வருஷம்கூட முடியவில்லை. இந்த வைகாசிக் கடைசியில் மூன்று நாள் காய்ச்சல் என்றாய். நான்காம் நாள் ஆசிரியர் அறையில் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டாய் என்று சேதி வந்தது. மதுரை விமான நிலையத்தில் பெட்டியை வாங்கி, ஒக்கூரில் உன்னைத் தகனம் செய்தோம்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இல்லை, தெரியுமோ என்னவோ.

நான் அனுப்புவதை நிறுத்தவில்லை. கருமாதி முடிந்து கடைக்குப் போன முதல் நாள், பத்து மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது. ரேட்டை அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. மறுநாளும் அனுப்பினேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அனுப்பாமல் அடுத்த வேலைக்குப் போக முடியவில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் முதலாளி பலகை முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா இது, கடைசி வரியில? பிர்ருன்னு போட்டிருக்க? யாரு கேட்டாக?"

டாலர், யூரோ, ரிங்கிட், திர்ஹாம். அதன் கீழே பிர், அறுபத்து மூன்று பைசா. என் கையெழுத்துதான். எழுதினது எனக்கு நினைவில்லை. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இதற்கு நடுவில் அந்தப் பள்ளியிலிருந்து கார்த்திகாவுக்குக் கடிதம் வந்தது. அவளும் பி.எட். முடித்து ஆங்கிலம் எடுக்கிறாள் அல்லவா? அம்மாவின் இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். இங்கே அவளுக்கு இப்போதும் பதினைந்தாயிரத்துக்கு மேல் தருவாரில்லை. அவள் போக நினைத்தாள். முடிவை மட்டும் என் தலையில் வைத்தாள்.

"மாமா, ரேட்டுத் தெரிஞ்சவுக நீங்கதான். போகவா வேணாமா? வாயத் தொறக்காம இருந்தா எப்படி? எல்லாத்தையும் வயித்துக்குள்ளயே வச்சிருக்கீகளே."

ஒருமுறை வாயைத் திறந்து உன்னைக் கொன்றேன். மறுபடி திறக்க வேண்டும் என்றால் என்ன சொல்வது? பத்து நாள் அவள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து திரிந்தேன்.

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

பத்து மணி. கடையில் நானும் முதலாளியும் மட்டும். பலகை எழுதியாயிற்று. "இன்று அறுபத்தொன்று" என்று உனக்கு அனுப்பினேன். போனைக் கீழே வைக்கப் போகும்போது உன் பெயருக்குக் கீழே ஒரு சொல் வந்தது. ஆன்லைன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று அனுப்பியதற்கு இரண்டு டிக். நேற்றையதற்கும் இரண்டு. விரலால் மேலே தள்ளத் தள்ள எல்லாவற்றுக்கும் இரண்டு. பிறகு எல்லாம் நீலமாக மாறியது. நீ ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உன்னிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. தேதி அன்றைய தேதி.

காதில் வைத்தேன். முதலில் பள்ளி மணி அடிக்கும் சத்தம். ஒரு இருமல். பிறகு நீ.

"தம்பி, உன் பத்து மணி வந்துருச்சு. அறுபத்து மூணாமே. சம்பளமும் போட்டுட்டாக. அனுப்பவா, இன்னுங் கொஞ்சம் வச்சிருக்கவா? நீ சொல்லுடா. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். அரை மணி கழித்து, அன்று பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்த கார்த்திகா போனில் கூப்பிட்டாள். உன்னோடு வேலை பார்த்த கேரளத்து ஆசிரியர் லீவில் வந்து, உன் பையைக் கூரியரில் அனுப்பியிருக்கிறார். காலையில் வந்திருக்கிறது. அவள் அதிலிருந்த உன் போனைச் சார்ஜில் போட்டு, தன் பிறந்த நாளை அடித்துத் திறந்திருக்கிறாள்.

"அம்மா பேசுன அன்னிக்கு அங்க நெட்டு இல்ல போல மாமா. போகாம உள்ளேயே நின்னுருக்கு. இங்க வைஃபை புடிச்சதும் கெளம்பிருச்சு. நீங்க அனுப்புனதெல்லாம் நான்தான் தொறந்து பாத்தேன். பயந்துட்டீகளா?"

"இல்லத்தா" என்றேன்.

விளங்கிவிட்டது. எல்லாம் விளங்கிவிட்டது, ஆனாலும் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நான் உனக்கு ஆடி கழியட்டும் என்று சொல்லி, உன் பணம் பாதியாகி, உன் ஆயுளும் அங்கே கரைந்து, அதற்குப் பிறகும் நீ என்னிடமே கேட்டாயே. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று கடைசி மூச்சு வரைக்கும் எப்படி அக்கா நம்பினாய்?

அன்று சாயங்காலம், இறந்துபோனவர்களுக்குப் படைக்கும் நம் வழக்கப்படி உனக்கு எடுத்த சேலையைச் சாமி அறையில் பெட்டியில் வைத்தோம். அதன்மேல் உன் போனை அணைத்து, சிம்மையும் கழற்றி வைத்தாள் கார்த்திகா. உன் பையிலிருந்த பிர் நோட்டுகளையும் உன் முதல் ஒப்பந்தத்தையும் வைத்தோம். மறுநாள் பத்து மணிக்கு ரேட் அனுப்பவில்லை. "வந்துரு அக்கா" என்று மட்டும் அனுப்பினேன். ஒற்றை டிக்.

சாயங்காலம் பார்த்தேன். இரண்டு டிக்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். போன் அணைந்தே இருந்தது, கை வைத்தால் சில்லென்றிருந்தது. "ஸ்கூல் லேப்டாப்புல தொறந்து கெடக்கும் மாமா" என்றாள் கார்த்திகா. கேரளத்து ஆசிரியரைக் கேட்டேன். அதை நீ இறந்த அன்றைக்கே அழித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார். அவருக்கு மறந்திருக்கலாம். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கார்த்திகாவை உட்காரவைத்து வாயைத் திறந்தேன். "டாலர்ல எழுதிக் கேளு. முழுசும் தரலன்னா பாதி கேளு. சம்பளம் வந்த அன்னிக்கே அனுப்பிரு, ரேட்டப் பாக்காத, என்னையும் கேக்காத. திரும்பி வர்ற டிக்கெட்டுக் காசு ரூபாயாவே இங்க பேங்குல உன் பேருல கெடக்கு. அத எந்த ரேட்டும் தொட முடியாது. போதும்னு தோணுச்சுன்னா ஆடியானாலும் அமாவாசையானாலும் ஏறி வந்துரு."

பாதியை டாலரில் தருகிறோம் என்று எழுதி வந்தது. ஆவணிக்குக் காத்திருக்காமல், ஆடியிலேயே கையெழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். ஆசிரியர் அறையில் உன் நாற்காலி அப்படியே இருக்கிறதாம், அதில் இதுவரை யாரும் உட்காரவில்லையாம். பிள்ளையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். உன் ஒப்பந்தத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் போட்டிருக்கும் வருஷம் நம் வருஷம் இல்லை. அந்த நாட்டுக் காலண்டர் நமக்கு ஏழெட்டு வருஷம் பின்னால் ஓடுகிறது என்று நீ ஒருமுறை சொல்லிச் சிரித்தாய். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நம் ஊரில் நீ விமானம் ஏறின வருஷமே அவர்கள் கணக்கில் இன்னும் பிறக்கவில்லை. அங்கே நீ இன்னும் பேங்க் வாசலில் நிற்கவில்லை. நான் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

அப்படியானால் இது உனக்கு நேரத்தோடு வந்து சேரலாம். வரிசையை விட்டு நகராதே அக்கா. பணத்தை வைத்திருக்காதே. அன்றைக்கு என்ன ரேட்டோ அதற்கு மாற்றிக்கொண்டு, ஆனியிலேயே கிளம்பி வந்துவிடு. தம்பி போனில் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே.

இனி யாரிடமும் 'வச்சிரு' என்று சொல்ல மாட்டேன். உன் மகள் வந்து இறங்கும் நாளில், எந்த மாதமாக இருந்தாலும், மதுரையில் வாசலில் நிற்பேன்.

இரண்டு டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் கூடப் பிறந்தவன்